சட்டத்தைச் சோதிப்பது யார்: எல்லா நீதிமன்றங்களுமா, தனி நீதிமன்றமா?

ஒரு சட்டம் அரசமைப்புக்கு முரணானதா என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை எல்லா நீதிமன்றங்களுக்கும் தருவதா, தனியொரு நீதிமன்றத்திடம் ஒப்படைப்பதா என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன. முதல் முறைக்கு அமெரிக்காவும் இரண்டாவதற்கு ஜெர்மனியும் எடுத்துக்காட்டுகள்.

தொடக்கம்: அமெரிக்காவில் அரசமைப்புக்கு முரணான சட்டத்தை நீதிமன்றம் செல்லாததாக்கலாம் என்று 1803-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன மார்பரி எதிர் மேடிசன் தீர்ப்பு, ஜெர்மனியில் 1951-இல் கார்ல்ஸ்ரூ நகரில் இயங்கத் தொடங்கிய அரசமைப்பு நீதிமன்றம்.

அணுகல்: அமெரிக்காவில் உண்மையான வழக்கு இருந்தாக வேண்டும், ஆனால் கீழமை நீதிபதியே சட்டத்தைச் செல்லாததாக அறிவிக்கலாம். ஜெர்மனியிலோ, நாடாளுமன்றச் சட்டம் செல்லாது என்று கருதும் நீதிபதி வழக்கை நிறுத்திவைத்துக் கேள்வியைக் கார்ல்ஸ்ரூவுக்கு அனுப்ப வேண்டும். வழக்கே இல்லாதபோதும் கீழவையின் கால்பங்கு உறுப்பினர்கள் சோதனை கோரலாம்.

பதவிக்காலம்: அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 9 நீதிபதிகள், வாழ்நாள் பதவி; ஜெர்மானிய அரசமைப்பு நீதிமன்றத்தில் 16 பேர், 12 ஆண்டுகள், மறுநியமனம் இல்லை. இந்த ஜெர்மானிய ஏற்பாட்டையே நான் மேலாக மதிக்கிறேன்.

உடனடி நிவாரணம் முதன்மையென்றால் அமெரிக்க முறை பொருந்தும். நாடெங்கும் ஒரே விடை வேண்டுமென்றால் ஜெர்மானிய முறை.