முழங்காலுக்கு ஸ்டெம் செல் ஊசி: ரெண்டு வருஷத்துக்கு அப்புறம்

முழங்காலுக்குப் போடுற ஸ்டெம் செல் ஊசி (புதுசா திசு வளர்க்கும்னு சொல்ற மூல செல்) விலை இறங்கிருச்சாமே, போகலாமான்னு இங்கே ரங்கூன்ல தாம்வே பக்கம் இருக்கிற மச்சான் கேட்டார். போன்ல பாதிதான் சொல்ல முடிஞ்சது, மீதி இங்கே. மூட்டுத் தேய்மானம்னா என்னன்னு விளக்கப் போறதில்லை. இதைப் படிக்கிறவங்க கையில எக்ஸ்ரே கவர் இருக்கும். எனக்கு வலது கால், கிரேடு 3, அதாவது நாலு நிலையில மூணாவது. ஊசி போட்டது சென்னையில.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். ரங்கூன் டீக்கடை பிளாஸ்டிக் ஸ்டூல் எவ்வளவு தாழ்வுன்னு வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது. உட்கார்ந்தா முழங்கால் நெஞ்சுக்கு வந்துரும். எந்திரிக்கணும்னா மேசையைப் பிடிக்கணும், அந்த மேசையும் ஸ்டூலுக்குத் தம்பிதான். இப்போ கையை ஊனாம எந்திரிக்கிறேன். காளியம்மன் கோயில் பக்கம் லிஃப்ட் இல்லாத கட்டடத்துல குடியிருக்கேன், மாடி ஏறுறதும் பரவாயில்லை. இறங்கும்போது மட்டும் இன்னும் குத்துது. (காய்கறியும் பேப்பரும் பால்கனிக் கயித்துலயே மேல வந்துருது. எனக்கு அந்த வசதி இல்லை.)

ஆனா ஒரு எரிச்சல் இன்னும் அடங்கலை. அந்த சிரிஞ்சுக்குள்ள என்ன இருந்துச்சு?

குப்புறப் படுக்க வெச்சு, இடுப்பெலும்பு பின்பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, தடி ஊசி ஒண்ணை எலும்புக்குள்ள இறக்கி மஜ்ஜை எடுத்தாங்க. குத்துறது தெரியலை. உறிஞ்சும்போது கால் அடிவரைக்கும் ஒரு இழுப்பு இழுத்துச்சு பாருங்க, அதை யாரும் முன்கூட்டிச் சொல்லலை. எடுத்ததை மெஷின்ல சுத்தவிட்டு, அடர்த்தியானதை மட்டும் ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே மூட்டுக்குள்ள ஏத்தினாங்க. "இதுல எத்தனை செல் இருக்கு டாக்டர்?"னு கேட்டேன். "நிறைய இருக்கு சார்." அவ்வளவுதான். பில்லுல பஞ்சுக்குக்கூடத் தனிக் கணக்கு இருக்கு, செல்லுக்கு இல்லை.

எண்ணிக்கையை ஏன் பிடிச்சுத் தொங்குறேன்னா, மஜ்ஜையில இருக்கிற செல்கள்ல ஒரு லட்சத்துக்கு ஒண்ணுலேர்ந்து பத்து வரைதான் அவங்க விளம்பரம் பண்ற அந்த ஸ்டெம் செல். லேப்ல வளர்த்துத் தர்றது வேற சமாச்சாரம், அதை எண்ணித்தான் அடைப்பாங்க. அப்படியே எடுத்து அப்படியே போடுறதுல யாருக்கு எவ்வளவு கிடைச்சுதுன்னு எண்ணினாத்தான் தெரியும்.

அதைவிட வயித்தெரிச்சல், 2023ல நேச்சர் மெடிசின்ங்கிற மருத்துவ இதழ்ல வந்த அமெரிக்க ஆய்வு. 475 பேர். மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி மூணுலேர்ந்தும் எடுத்த செல் ஊசியை சாதாரண ஸ்டீராய்டு ஊசியோட ஒப்பிட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா எல்லாக் குழுவுலயும் சராசரியா வலி குறைஞ்சிருக்கு, ஆனா எந்தச் செல்லும் ஸ்டீராய்டை முந்தலை. எம்ஆர்ஐயிலயும் வித்தியாசம் இல்லை. ஊசி போட்ட இடத்துல எனக்குக் காட்டின கலர் படத்துல குருத்தெலும்பு புல்லு மாதிரி முளைச்சிருந்தது! போன மாசம் எடுத்த எக்ஸ்ரேயில மூட்டு எலும்புகளுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி அதே இடைவெளிதான்.

நியாயமாச் சொன்னா சீழ், காய்ச்சல்னு ஒரு தொல்லையும் வரலை, சுத்தமான இடம். ஊசிக்கு அப்புறம் எடையும் குறைச்சேன், தொடைக்கான பயிற்சியையும் விடலை. வலி குறைஞ்ச பெருமை ஊசிக்கா பயிற்சிக்கா? பயிற்சிக்குத்தான்னு வீட்ல சொல்றாங்க. ஸ்டூல்லேர்ந்து எந்திரிக்கிறப்போ எனக்கு ஊசின்னு தோணுது, படி இறங்குறப்போ ஏமாந்துட்டோம்னு தோணுது.

மச்சான், நம்ம பர்மா பணம் கியாட் விழுந்து கிடக்கிற நேரத்துல இதுக்காகக் கடன் வாங்காதீங்க. முதல்ல இங்கேயே ஒரு எலும்பு டாக்டரைப் பாருங்க, எடையைக் குறைங்க. போயே தீருவேன்னா, பணம் கட்டுறதுக்கு முன்னாடி செல் எண்ணிக்கையை எழுத்துல தருவீங்களான்னு கேளுங்க. அஞ்சுக்கு ரெண்டு நட்சத்திரம், அதுக்கு மேல மனசு வரலை.

இடது கால் இப்போ முனக ஆரம்பிச்சிருக்கு. தை மாசம் சென்னையில ஒரு கல்யாணம், அப்படியே அந்த டாக்டர்கிட்டயும் நாள் வாங்கியாச்சு. இந்தத் தடவை எண்ணித் தர்றேன்னு சொன்னாத்தான் குப்புறப் படுப்பேன்.