கைநடுக்க மாத்திரையும் கத்திரி வெயிலும்

கைநடுக்கத்துக்காக நான் சாப்பிடும் புரோப்ரானலால் மாத்திரை லண்டனில் எனக்குக் கொடுக்கும் தொல்லை, விரல் நுனிகள் சில்லிட்டுப் போவதும் மாடிப்படி ஏறினால் கால் கனப்பதும்தான். கும்பகோணத்தில், அதுவும் கத்திரி வெயிலில், அதே மாத்திரை வேறு முகம் காட்டியது. உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்தால் கண் இருட்டியது. அம்மாவைப் பார்க்கப் போன பயணத்தில் பாதிப் பொழுது இந்தத் தலைசுற்றலோடும், அதற்கு வழி தேடி அலைந்ததிலுமே கழிந்தது. ஊரில் வைத்தியம் எப்படி இருக்கிறது என்று என்னைப் போலக் கை நடுங்கும் சிநேகிதிகள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதி வைக்கிறேன்.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இருப்பது எசென்ஷியல் ட்ரெமர் என்ற கைநடுக்கம், பார்க்கின்சன் அல்ல. பார்க்கின்சன் நோயில் பெரும்பாலும் கை சும்மா மடியில் கிடக்கும்போது ஆடும். எனக்கு மடியில் கிடக்கும்போது ஒன்றுமே இல்லை. தம்ளரைத் தூக்கினால், பேனாவைப் பிடித்தால் ஆடும். பலருக்கு இது பரம்பரையாக வருகிறது. என் அப்பாவுக்கும் இருந்தது. அடியோடு குணமாக்கும் மருந்து கிடையாது. அடக்கி வைக்க முதலில் எழுதித் தரப்படுபவை இரண்டு பழைய மருந்துகள்: ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் புரோப்ரானலால், வலிப்புக்குக் கொடுக்கும் ப்ரிமிடோன். இரண்டுமே நடுக்கத்துக்கென்று பிறந்தவை அல்ல. ஆகையால் தங்கள் பிறவிக் குணத்தை எங்கேயும் காட்டத்தான் செய்யும். முன்னது நாடித்துடிப்பைக் குறைக்கும், அசதி தரும், சிலருக்குக் கனவுகளைத் தாறுமாறாக்கும். பின்னது தூக்கக் கலக்கமும் தள்ளாட்டமும் தரும். அதன் முதல் வேளைதான் பொல்லாதது. அதனால்தான் மிகக் குறைந்த அளவில், படுக்கப் போகும்போது ஆரம்பிக்கச் சொல்வார்கள். எனக்கு அந்த முதல் இரவு கப்பலில் போவது போல இருந்தது. பிறகு உடம்பு பழகிக்கொண்டது.

எழும்பூரிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸில் போனேன். ப்ரிமிடோன் சாப்பிட்டவர்கள் மேல் படுக்கைக்கு ஏணி ஏறுவது விவேகமல்ல. ரயில்வேயில் 45 வயது கடந்த பெண்களுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. முன்பதிவு செய்யும்போதே அந்த ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. மாத்திரை நேரம் இன்னொரு சிக்கல். மே மாதத்தில் நமக்கும் லண்டனுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அங்கே இரவு பத்து மணி இங்கே பின்னிரவு இரண்டரை. எப்படி நகர்த்துவது என்று கிளம்பும் முன்பே அங்குள்ள மருந்தாளுநரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தேன்.

ஊரில் முதல் இரண்டு நாள் நன்றாகவே போயிற்று. பிறகு வெயில் ஏறியது. கும்பேஸ்வரர் கோயில் பிராகாரத்தில் வெறுங்காலோடு நின்றபோது தூணைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. காரணம் பெரிய மர்மம் அல்ல. வெயிலில் ரத்தக்குழாய்கள் விரிகின்றன, வியர்வையில் நீர் போகிறது, அழுத்தம் இறங்குகிறது. சாதாரணமாக இதயம் வேகமாகத் துடித்து ஈடுகட்டும். புரோப்ரானலால் அந்த வேகத்தைத்தான் கட்டிப் போட்டிருக்கிறது.

உறவுக்காரர் ஒருவர் வற்புறுத்தியதால் ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்குப் போனேன். குளிரூட்டப்பட்ட கூடம், டோக்கன், முழு உடல் பரிசோதனைத் திட்டம் என்று வரவேற்பில் ஒரு குறையும் இல்லை. ரத்தப் பரிசோதனை முடிவு மதியத்துக்குள் கைபேசிக்கு வந்துவிட்டது. லண்டனில் இந்த வேகத்தைக் கனவு காணலாம். ஆனால் மருத்துவர் என் மருந்துப் பட்டியலை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டார். தலைசுற்றலா, சின்னரிசின். அசதியா, ஒரு வைட்டமின். இரவில் கெட்ட கனவா, தூக்க மாத்திரை. நாடியை அவர் தொட்டுப் பார்க்கவே இல்லை. பக்க விளைவு ஒவ்வொன்றுக்கும் ஒரு புது மாத்திரை எழுதினாரே தவிர, எந்த மாத்திரையால் அது வந்தது என்ற கேள்வி அந்த அறையில் எழவில்லை.

சீட்டோடு கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். நான் ரூபாய் நோட்டுகளை எண்ணிக் கொடுக்கும்போது அவை படபடத்ததைக் கவனித்துவிட்டார்.

"அம்மா, கைநடுக்கத்துக்கு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?"

சொன்னேன். சின்னரிசின் அட்டையை எடுத்தவர் அதைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "இந்தத் தலைசுற்றல் மாத்திரையால் சிலருக்கு நடுக்கம் வரும் அம்மா. இன்னொரு முறை டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்கிக்கொள்ளுங்களேன்" என்றார். வியாபாரத்தை வேண்டாமென்று சொன்ன அந்தப் பெண் சொன்னது முற்றிலும் சரி. சின்னரிசின், அதே இனத்து ஃப்ளூனரிசின், வாந்திக்குக் கொடுக்கும் ப்ரோகுளோர்பெரசின் ஆகியவை நாள்பட எடுத்தால், முக்கியமாக வயதானவர்களுக்கு, பார்க்கின்சன் போன்ற நடுக்கத்தைக் கொண்டுவரக் கூடியவை. நம் ஊரில் கேட்டதும் கிடைக்கும் இருமல் சிரப்புகள் பலவற்றில் டெர்பியூட்டலின் இருக்கிறது. அதுவும் கையை ஆட்டும். புட்டியின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

அந்த வாரமே அம்மாவுக்கு மாதாந்திர ரத்த அழுத்த மாத்திரை கொண்டுவந்தார் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம்; மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த பெண்கள் வீடு வீடாக வருகிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து அம்மாவுக்கு அழுத்தம் பார்த்தவர், தூணில் சாய்ந்து நின்ற என்னைப் பார்த்து, "அக்கா, முகம் வெளிறியிருக்கிறதே, நீங்களும் கையை நீட்டுங்கள்" என்றார். பட்டையைச் சுற்றி அழுத்தினார். 98/60. அதன் கீழே நாடித்துடிப்பு 48. கருவி தவறாகக் காட்டுகிறதோ என்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து, உதடு அசைய ஒரு நிமிடம் முழுவதும் எண்ணினார். அவர் எண்ணிக்கையிலும் ஐம்பதைத் தாண்டவில்லை. அவருடைய பதிவேட்டில் எனக்கு இடம் கிடையாது; பழைய நாட்காட்டித் தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்து, "மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்" என்றார். அந்த எச்சரிக்கையும் தேவையானதே. புரோப்ரானலாலைத் திடீரென்று நிறுத்தினால் அடக்கி வைத்திருந்த இதயம் எகிறிக்கொண்டு துடிக்கும். இதய நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து. ப்ரிமிடோனைத் திடீரென்று விட்டால் வலிப்பே வரலாம்.

அந்த நாட்காட்டித் தாளோடு அன்றே கார் பிடித்துத் தஞ்சாவூரில் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்த்தேன். சிறிய மருத்துவமனை, மின்விசிறிக் காற்று, இரண்டு மணி நேரக் காத்திருப்பு. உள்ளே போனபிறகு அவசரமே இல்லை. படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார், எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி பார்த்தார். நிற்கும்போது நன்றாக இறங்கியிருந்தது. காகிதத்தில் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் வரையச் சொன்னார். ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஆஸ்துமா உண்டா, சர்க்கரை உண்டா என்று கேட்டார். ஆஸ்துமாக்காரர்களுக்குப் புரோப்ரானலால் ஆகாது. சர்க்கரை திடீரென்று இறங்கும்போது எச்சரிக்கை செய்யும் படபடப்பை அது மறைத்துவிடும். மாடியிலேயே ஈசிஜி எடுத்தார்கள். பிறகு சீட்டு எழுதினார்: புதிதாக ஒரு மருந்தும் இல்லை. இரண்டு 80 மில்லிகிராம் காப்ஸ்யூல் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில் ஒன்று போதும், உப்புப் போட்ட மோர் நிறையக் குடியுங்கள், ஊருக்குத் திரும்பியதும் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள் என்று ஒரு கடிதம். கட்டணம் 600 ரூபாய்.

சில நாட்களில் தலைசுற்றல் போய்விட்டது. கனவுகளும் தணிந்தன, அதற்குக் காரணம் நெற்றியில் வைத்த விபூதிதான் என்பது அம்மாவின் கட்சி. நடுக்கம் கொஞ்சம் கூடியது, அதையும் சொல்ல வேண்டும். வங்கியில் என் கையெழுத்து பழைய அட்டையோடு ஒத்துப்போகவில்லை என்று திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள். எழுத்தர் நிமிர்ந்து பார்க்கப் பார்க்க அது இன்னும் கோணிக்கொண்டது. "போகும் முன்னே ஒரு மாத்திரை கூடப் போட்டுக்கொண்டு போயேன்" என்றாள் மன்னி. கூட்டத்துக்கு முன் அப்படிப் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டுதான். நாடி 48 வரை இறங்கிப் பார்த்தவளுக்கு அந்தத் துணிச்சல் இல்லை. மயங்கி விழுவதைவிடக் கோணல் கையெழுத்து மேல்.

இந்த நோய்க்கு ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பெயர் நரம்புத் தளர்ச்சி; எல்லாரிடமும் ஒரு மருந்தும் இருக்கிறது. அமுக்கரா லேகியம் மூன்று வீடுகளிலிருந்து வந்தது. ஏற்கெனவே தூக்கம் தரும் ப்ரிமிடோனோடு அமுக்கராவும் சேர்ந்தால் கலக்கம் கூடலாம் என்பதால் எல்லாப் புட்டிகளும் அலமாரியிலேயே இருக்கின்றன. டிகிரி காபியைத்தான் விட முடியவில்லை. காபியும் நடுக்கத்தைக் கூட்டும் என்பதால் காலையில் ஒன்று மட்டும். பேருந்து நிலையம் அருகே ஓர் உணவகத்தில் பரிமாறுகிற பெரியவர், முதல் நாள் டபராவில் சிந்தியதைப் பார்த்துவிட்டு, மறுநாள் நான் கேட்காமலேயே ஒரு காபியை இரண்டு தம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

கடைசியாக, போகிறவர்களுக்கு. அம்மாவின் கண்புரை சிகிச்சைக்காகப் பயணம் நீண்டதில் ப்ரிமிடோன் தீர்ந்துகொண்டு வந்தது. நான் கேட்ட கடைகளில் என் அளவில் அது கைவசம் இல்லை. அந்த மருந்துக் கடைப் பெண்தான் தஞ்சாவூருக்குச் சொல்லி வரவழைத்துக் கொடுத்தார். அதற்கும் இரண்டு நாள் ஆயிற்று. திரும்பும் தேதிக்கு மேல் சில வாரத்துக்கான மாத்திரையை, மருந்துச் சீட்டோடு அசல் பெட்டியிலேயே, கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் போவதானால் நிற்கும்போது எடுத்த ரத்த அழுத்தத்தையும் நாடியையும் கிளம்பும் முன் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். அங்கே ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.