போஸ்ட்கிரஸ் மேஜர் அப்கிரேட்: டம்ப்பா, பிஜி_அப்கிரேடா, ரெப்ளிகேஷனா?

போஸ்ட்கிரஸ்ங்கற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்ல வெர்ஷன் 13க்கு 2025 நவம்பரோட சப்போர்ட் முடிஞ்சுது, 14க்கு 2026 நவம்பர் வரைக்கும்தான். மைனர் வெர்ஷன்னா பேக்கேஜ் போட்டு ரீஸ்டார்ட் பண்ணா வேலை முடிஞ்சுது. மேஜர்ல (13ல இருந்து 14 மாதிரி) அப்படி நடக்காது, பழைய டேட்டா டைரக்டரிய காட்டினா புது சர்வர் ஸ்டார்ட்டே ஆகாது.

டம்ப் (டேட்டா முழுக்க ஃபைலா எழுதறது) எடுத்து புது சர்வர்ல ரீஸ்டோர் பண்றது பழைய முறைன்னு நிறைய பேர் ஒதுக்கறாங்க, எனக்கென்னவோ சின்ன டேட்டாபேஸ்க்கு இதுதான் நிம்மதி. பழைய சர்வர்ல கையே வைக்கறதில்ல, ஏதாவது சொதப்புனா ஆப்ப திரும்ப பழைய போர்ட்டுக்கு திருப்பி விட்டா போச்சு. டைரக்டரி ஃபார்மட்ல எடுத்தா பல ஜாப்ஸா பிரிச்சு ஓட்டலாம். ரோல்ஸ் (டேட்டாபேஸ் யூசர்கள்) மட்டும் பிஜி_டம்ப்ங்கற டம்ப் கருவில வராது, பிஜி_டம்ப்ஆல் வச்சு குளோபல்ஸ (ரோல்ஸ் மாதிரி எல்லா டேட்டாபேஸ்க்கும் பொதுவானது) தனியா எடுக்கணும், அத மறந்தா ரீஸ்டோர்ல வரிசையா எரர்தான். இன்னொரு லாபம், இண்டெக்ஸ் (வேகமா தேட உதவற பட்டியல்) எல்லாம் புதுசா கட்டப்படும். இது ஏன் முக்கியம்னா லினக்ஸோட அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி 2.28ல எழுத்துகள வரிசைப்படுத்தற விதி மாறிச்சு, டெபியன் லினக்ஸ் 9ல இருந்து 10க்கு போறப்ப டேட்டா ஃபைல அப்படியே தூக்கிட்டு போனவங்களுக்கு டெக்ஸ்ட் இண்டெக்ஸ் கெட்டுப் போயிருக்கலாம், ரோ டேபிள்ல இருக்கும் ஆனா தேடுனா கிடைக்காது. ஓஎஸ்ஸையும் சேர்த்து மாத்தறீங்கன்னா பிஜி_அப்கிரேட் பண்ணிட்டு ரீஇண்டெக்ஸ் கண்டிப்பா போடுங்க.

பிஜி_அப்கிரேட் டேட்டாவ திரும்ப எழுதறதில்ல, கேட்டலாக்க (டேபிள் விவரங்கள் இருக்கற உள் பதிவு) மட்டும் புது வெர்ஷனுக்கு மாத்திட்டு ஃபைல அப்படியே எடுத்துக்கும். லிங்க் மோட்ல (ஃபைல காப்பி பண்ணாம ஹார்ட் லிங்க் போடறது) நூறு ஜிபிக்கு மேல இருந்தாலும் சில நிமிஷத்துல முடியும்னு சொல்றது உண்மைதான், ஆனா ரெண்டு சர்வருக்கும் ஒரே ஃபைல்ங்கறதால புதுச ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிட்டீங்கன்னா பழசுக்கு திரும்ப முடியாது, பேக்கப்தான் கதி. ஃபைல் சிஸ்டம் ரீஃப்லிங்க் வசதியோட எக்ஸ்எஃப்எஸ்ஸாவோ பிடிஆர்எஃப்எஸ்ஸாவோ இருந்தா குளோன் மோட் போடுங்க, அதே வேகம், பழசும் பத்திரமா இருக்கும். எக்ஸ்ட்4ல அது கிடையாது.

பிஜி_அப்கிரேட் முடிஞ்ச உடனே சைட் ஏன் ஆமை வேகத்துல போகுதுன்னு பதறுவாங்க. 18க்கு முந்தின வெர்ஷனுக்கு போனா பிளானரோட (குவெரிய எப்படி ஓட்டறதுன்னு முடிவு பண்ற பகுதி) ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கூட வராது, ஒரு ரோ எடுக்கறதுக்கு டேபிள் முழுக்க ஸ்கேன் பண்ணும், அத திரும்ப சேகரிக்க வேக்கும்டிபி-ல அனலைஸ்-இன்-ஸ்டேஜஸ் ஓட்டணும். 18ல பெரும்பாலானது கூடவே வந்துரும், ஆனா அங்க வேற ஒரு வம்பு: புது கிளஸ்டர்ல (சர்வரோட மொத்த டேட்டா டைரக்டரி) செக்சம் (டேட்டா கெட்டிருக்கான்னு பாக்கற சரிபார்ப்பு எண்) டீஃபால்ட்டாவே ஆன், பழசுல ஆஃப்ல இருந்தா பொருந்தலன்னு பிஜி_அப்கிரேட் நிறுத்திரும், புது கிளஸ்டர இனிட்டிபி-ல உருவாக்கறப்பவே செக்சம ஆஃப் பண்ணிடணும்.

லாஜிக்கல் ரெப்ளிகேஷன் (பழைய சர்வர்ல நடக்கற மாற்றத்த தொடர்ந்து புதுசுக்கு அனுப்பறது) போஸ்ட்கிரஸ் 10ல வந்தது. டவுன்டைம் ரொம்பக் கம்மி, அதுக்கு வேலையும் அதிகம். பிரைமரி கீ (ஒவ்வொரு ரோவையும் தனியா அடையாளம் காட்டறது) இல்லாத டேபிள்ல அப்டேட் பண்ணா எரர் அடிக்கும், நடுவுல யாராவது டேபிள்ல புது காலம் (நெடுவரிசை) சேர்த்தா புது சர்வருக்கு போகாது, சீக்வென்ஸ் (தானா ஏறற ஐடி) நம்பரும் போகாது. கட்ஓவர் (ஆப்ப புது சர்வருக்கு மாத்தறது) பண்ணி முதல் இன்சர்ட்லயே டூப்ளிகேட் கீ எரர் வந்தா காரணம் அதுதான், செட்வேல் போட்டு நம்பர ஏத்தி விடணும். ராத்திரி ஒரு மணி நேரம் கூட நிறுத்த முடியாத சிஸ்டம்னா இந்தப் பாடு படலாம், இல்லன்னா வேண்டாம்.

என் ஓட்டு: ஒரு ராத்திரிக்குள்ள ரீஸ்டோர் முடியும்னா டம்ப், அதுக்கு மேல போனா குளோன் மோட், ரெப்ளிகா (நகல் சர்வர்) ஒண்ணு தனியா இருந்தா மட்டும் லிங்க். பிஜி_அப்கிரேட்ல செக் ஆப்ஷன் இருக்கு, பழைய சர்வர் ஓடிட்டு இருக்கப்பவே ஓட்டலாம், போஸ்ட்ஜிஐஎஸ் (மேப் டேட்டாவுக்கானது) மாதிரி எக்ஸ்டென்ஷனோட லைப்ரரி புதுசுல இல்லன்னா அப்பவே சொல்லிரும்.