நமீப் பாலைவன நேரலை: ஐந்து வயதுக் குழந்தையோடு பார்ப்பதற்கு

ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையோரம் நீண்டு கிடக்கும் நமீப் பாலைவனத்தில், கோண்ட்வானா நமீப் பூங்கா என்னும் தனியார் காப்பகத்துக்குள், மனிதர்கள் அமைத்த சிறிய நீர்நிலை ஒன்று இருக்கிறது. அதை நோக்கி நிறுத்தப்பட்ட கேமராவின் காட்சியை ‘நமீபியாகேம்’ என்னும் அலைவரிசை இரவும் பகலும் யூடியூபில் நேரலையாகத் தருகிறது. இதற்குக் கட்டணம் கிடையாது. ஐந்து வயது மகளோடு சில மாதங்களாக இதைப் பார்த்துவருகிறேன். சிறு பிள்ளைகள் இருக்கும் எல்லா வீட்டுக்கும் இதை மனமாரப் பரிந்துரைப்பேன். ஆனால் எந்த நேரத்தில், எதைக் கவனித்தபடி பார்ப்பது என்று பெரியவர்கள் முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டால்தான் முழுப் பயன் கிட்டும்.

முதலில் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். நமீபியா நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. பள்ளி விட்டு வந்து மாலை ஐந்து மணிக்குத் திரையைத் திறந்தால் அங்கே பிற்பகல் ஒன்றரை; வெயில் கொளுத்தும் அந்த வேளையில் பல நாட்களில் மணலையும் நீரையும் தவிர வேறெதுவும் தெரியாது. நாங்களும் முதலில் அப்படித்தான் பார்த்தோம், மகள் பத்தே நிமிடத்தில் எழுந்து போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு மாற்றியபோது அங்கே காலை ஆறு மணி, வெளிச்சம் பரவும் பொழுது. அதன் பிறகு அவளாகவே வந்து உட்காரத் தொடங்கினாள். அந்தி வேளையும் சிறந்ததுதான் என்றாலும், அங்கே மாலை ஏழு என்றால் இங்கே இரவு பத்தரை ஆகிவிடுகிறது. கழுதைப்புலியும் குள்ளநரியும் வரும் அந்த நேரத்துக் காட்சியைக் குழந்தைக்காக விழித்திருந்து பார்க்க வேண்டாம்.

நீண்ட நேரான கொம்புகளையுடைய ஓரிக்ஸ் என்னும் இரலை, வரிக்குதிரை, தீக்கோழி, ஸ்பிரிங்பாக் மான் ஆகியவை பகலில் வருகின்றன. பெயர்களைச் சொல்லிக்கொடுப்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொன்றும் எப்படித் தண்ணீர் குடிக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். இந்த நேரலையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பலன் அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்ததுதான். வரிக்குதிரை உதடுகளை நீரில் பதித்து உறிஞ்சுகிறது. தீக்கோழி அலகால் நீரை அள்ளி, கழுத்தை நிமிர்த்தி விழுங்குகிறது. குள்ளநரியோ நம் தெருநாயைப் போலவே நாக்கால் நக்கிக் குடிக்கிறது. இதைப் பார்த்த அன்று மாலையே எங்கள் வாசலில் வைத்திருக்கும் நீர்ச்சட்டியருகே உட்கார்ந்து, காகம் எப்படிக் குடிக்கிறது என்று மகள் கவனித்துக்கொண்டிருந்தாள். தீக்கோழிகளில் கறுப்பாக இருப்பது ஆண், பழுப்பாக இருப்பது பெண் என்பதையும், ஓரிக்ஸில் இரண்டுக்கும் கொம்பு உண்டு என்பதையும் ஐந்து வயதில் எளிதாகப் பிடித்துக்கொள்கிறார்கள். அப்பாலைவனத்தில் வாழும் கல்கௌதாரி இனத்தின் ஆண்பறவை, வயிற்று இறகுகளை நீரில் நனைத்து, ஏறத்தாழ 25 மில்லி வரை ஏந்திப் பறந்துபோய்க் குஞ்சுகளுக்குக் கொடுக்கிறது என்று சொன்னபோது, பஞ்சு எடுத்து நனைத்துப் பார்க்காமல் அவள் விடவில்லை.

வெட்டி ஒட்டிய விலங்குப் படங்களில் நொடிக்கு ஒரு துரத்தல் வரும். இங்கே அரை மணி நேரம் ஒன்றுமே வராமல் போகலாம். ஆனால் அந்த வெறுமையும் பாலைவனத்தைப் பற்றிய உண்மைதானே? யாரும் வராத நேரத்தில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, காற்று அடிக்கும்போது நீரில் என்ன தெரிகிறது என்று கேட்கலாம். ஒரு தாளில் வருகிற விலங்குக்கு ஒரு கோடு என்று போட்டுவந்தால், நான்கைந்து வாரங்களில் எந்த நேரத்தில் யார் வருவார்கள் என்று குழந்தையே ஊகிக்கத் தொடங்கிவிடும்.

தாவரங்களைப் பொறுத்தவரை இந்த நேரலையை மட்டும் நம்ப முடியாது. கேமராவின் நோக்கம் நீர்நிலை. செடிகள் பின்னணியில் வருவதோடு சரி. ஆகவே அந்தக் குறையை வீட்டிலேயே ஈடுசெய்ய வேண்டும். நமீபியாவின் அரசுச் சின்னத்தில் கேடயத்தின் இருபுறமும் ஓரிக்ஸ் நிற்க, அடியில் வெல்விட்ஷியா என்னும் செடி இருக்கிறது. நமீப்பில் வளரும் அச்செடிக்கு வாழ்நாள் முழுவதும் இரண்டே இலைகள். அவை அடியிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்க, நுனி காய்ந்து, நம் தோட்டத்து வாழையிலை காற்றில் கிழிவதைப்போல நாடா நாடாவாகக் கிழிந்து, பார்ப்பவருக்குப் பல இலைகளாகத் தோன்றும். ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டியவையும் உண்டு. நாங்கள் அதைக் காகிதத்தில் செய்து பார்த்தோம். வீட்டுத் தொட்டியில் இருக்கும் சப்பாத்திக்கள்ளியைக் காட்டி, இது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது என்றும், நமீப்பின் கள்ளிகள் நம் திருகுகள்ளியின் குடும்பம் என்றும் சொல்லலாம். திருகுகள்ளியின் பால் கண்ணில் பட்டால் கடுமையாகப் பாதிக்கும்; அதைத் தொலைவிலிருந்து காட்டுவதே நல்லது.

வேறு சில கவனங்களும் தேவை. யூடியூபில் நேரலையோடு வரும் உரையாடல் பகுதியை மூடிவிட்டு, முழுத்திரையில் வைத்து, விளம்பரங்கள் இடையில் வரக்கூடும் என்பதால் பக்கத்திலேயே இருங்கள். கைப்பேசியைவிடத் தொலைக்காட்சித் திரையில் பார்ப்பது குழந்தைக்கு எளிது. இருபது நிமிடம் போதும். அந்த நீர் தானாக ஊறியதன்று, மனிதர்கள் அமைத்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பாலைவனத்தில் எங்கும் இப்படிக் குளம் இருக்கும் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளக் கூடாது.

நமீபியாவில் மழை பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பெய்கிறது. அதன்பின் மாதங்கள் செல்லச்செல்ல வறட்சி கூடி, விலங்குகள் இத்தகைய நீர்நிலைகளையே அதிகம் நாடுகின்றன. நம் பள்ளிகளின் காலாண்டு விடுமுறை வரும் செப்டம்பர் இறுதியில் அந்த வறட்சி உச்சத்தை நெருங்கியிருக்கும். புதிதாகத் தொடங்குவோர் அந்த விடுமுறைக் காலைகளைத் தேர்ந்தெடுக்கலாம்.