டாட் காமா, டாட் காம் டாட் மையா? காவல் கடைக்குள்ளா, வெளியிலா?

சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் மளிகைக் கடைக்கோ கேட்டரிங்குக்கோ இணையத்தளம் போட்டால், முதல் இழுபறி பெயரில்தான். டாட் காமை யாரும் வாங்கலாம். டாட் காம் டாட் மைக்கு எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவு வேண்டும், விலையும் பொதுவாகச் சற்றுக் கூடுதல். ஆனால் பதிவான உள்ளூர்க் கடை என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். நாங்கள் எடுத்தது அதைத்தான்.

போனில் முகவரி சொன்னால் பலர் டாட் காமோடு நிறுத்திக்கொள்வார்கள். அது இன்னொருவர் கையில் இருந்தால் ஆர்டர் அங்கே போகும். காலியாக இருந்தால் அதையும் வாங்கி, வருபவரை மெயின் பெயருக்குத் தானாகத் திருப்பிவிடும் ரீடைரக்ட் போட்டுவிடுங்கள். தமிழ்ப் பெயரில் எழுத்துக்கூட்டல் தொல்லை வேறு. செந்தூர் என்றால் ‘டி’க்குப் பின் ‘எச்’ உண்டா, முடிவில் ‘ஓ’ இரண்டா, ‘யூ’ ஒன்றா? போர்டில் பெயின்ட் அடித்திருக்கும்படியே முகவரியும் இருக்கட்டும்.

இனி காவல், அதாவது தளம் ஓடுகிறதா என்று விடாமல் பார்த்து, நின்றால் போனுக்குச் சொல்லும் வேலை. அதைச் செய்யும் அப்டைம் கூமா என்ற மென்பொருளைக் கடையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றுவதா, வெளியே ஒரு சின்ன விபிஎஸ்ஸில் (வாடகைக்குக் கிடைக்கும் இணைய சர்வர்) வைப்பதா? முதல் பார்வையில் இரண்டும் ஒன்றே: டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஒரே கட்டளை, 3001 போர்ட்டில் கூமாவின் பக்கம் திறக்கும், டெலிகிராமுக்குச் செய்தி வரும். அமைப்புகளைப் பெட்டிக்கு வெளியே சேமிக்கும் டேட்டா வால்யூமை மட்டும் மறக்காமல் கட்டுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பெட்டியை, அதாவது கன்டெய்னரை மாற்றும் நாளில் எல்லா அமைப்பும் போச்சு. இதே காவலைத் தரும் மாதக் கட்டணச் சேவைகளைக் கடை அளவில் ஓட்டிப் பார்க்காததால் அவை இந்தக் கணக்கில் இல்லை.

கடைக்குள் வைப்பதற்குச் செலவில்லை, அவ்வளவுதான் அதன் பெருமை. சாயங்காலம் இடி இடித்து இஎல்சிபி (மின்கசிவில் கரண்டை வெட்டும் சுவிட்ச்) விழுந்தால் காவலும் சேர்ந்தே படுத்துவிடும். கரண்ட் இருந்து லைன் மட்டும் போனால் இன்னும் மோசம்: தளம் சிங்கப்பூர் சர்வரில் நன்றாக ஓடிக்கொண்டிருக்க, கூமா எல்லாவற்றையும் சிவப்பாகக் காட்டும். அந்த எச்சரிக்கையும் வெளியே போகாது, டெலிகிராமுக்கும் அதே லைன்தானே.

அதனால் எங்கள் சாய்வு விபிஎஸ் பக்கம். தளமும் காவலும் ஒரே சர்வரில் இருந்தால் மட்டும் பயனில்லை. வெளியிலிருந்து கடையின் பில் மெஷினை நேராகத் தட்டிப் பார்க்க முடியாது, ரவுட்டர் விடாது. அதற்கு ‘புஷ்’ வகை மானிட்டர் போடுங்கள்: பில் மெஷின் 60 வினாடிக்கு ஒருமுறை ஒரு முகவரியைத் தொடும், தொடாவிட்டால் செய்தி வரும். மறுமுயற்சியை 3 என்று வையுங்கள். இல்லையென்றால் லைன் ஒருமுறை விக்கினாலே போன் அலறும்.

பெயரும் காவலும் சந்திக்கும் இடம் புதுப்பிப்பு. பெயர் காலாவதியானால் தளம் செத்துவிடும், மானிட்டரும் சொல்லிவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பல நேரம் அப்படி நடப்பதில்லை. பெயர் விற்றவர் அந்த முகவரியில் ஒரு விளம்பரப் பக்கத்தை மாட்டுவார், அதுவும் 200, அதாவது ‘பக்கம் சரி’ என்றுதான் பதில் தரும். கூமாவுக்கு எல்லாம் பச்சை. அதனால் பதில் வருகிறதா என்று மட்டும் பார்க்கும் எச்டிடிபி சோதனை வேண்டாம், பக்கத்தில் நாம் கொடுத்த சொல் இருக்கிறதா என்று தேடும் ‘கீவேர்ட்’ சோதனை வையுங்கள். தேடும் சொல்லாகக் கடைப் பெயரைக் கொடுக்காதீர்கள், விளம்பரப் பக்கத்திலும் முகவரி என்று அதுவே அச்சாகி நிற்கும். பக்கத்தின் அடியில் உள்ள கடை போன் நம்பர் நல்ல தேர்வு.

டாட் காம் காலாவதியானதும் உடனே கை நழுவாது. விற்றவரைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரண விலையிலேயே புதுப்பிக்கலாம். அதன்பின் வரும் 30 நாளில் மீட்க அபராதத் தொகை தனியாக விழும். கடைசி 5 நாள் எதுவும் செய்ய முடியாது, பிறகு யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

பெயர் வாங்கிய கணக்குக்கு அதே பெயரில் உள்ள மெயிலைக் கொடுத்து வைப்பவர்கள் உண்டு. பெயர் நின்றால் அந்த மெயிலும் நிற்கும், ‘கட்டுங்கள்’ என்று வரும் நினைவூட்டலும் வந்து சேராது. அந்தக் கணக்குக்கு முதலாளியின் சொந்த ஜிமெயிலைக் கொடுங்கள், தளம் போட்டுக் கொடுத்த பையனுடையதை அல்ல.