எஃப்65.0-ஆ, 6டி36-ஆ: கேஸ் ஷீட்டில் எதை எழுதுவது?

முப்பதைத் தாண்டிய ஒருவர் தன் பழைய மருத்துவக் கோப்பை மேசைமீது வைத்து ஒரு வரியில் விரலை ஊன்றினார். நீல மையில் எஃப்65.0 என்று எழுதி, அடியில் கோடு போட்டிருந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் ஒரு மருத்துவர் எழுதியது. "போனில் தேடிப் பார்த்துவிட்டேன், டாக்டர். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. இது என் பெயரில் இப்படியே இருக்குமா?" என்று கேட்டார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

எஃப்65.0 என்பது, உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடியின் பத்தாம் பதிப்பில், அதாவது ஐசிடி-10 பட்டியலில், ஃபெடிஷிசத்துக்கு, அதாவது ஒரு பொருளின்மீது படியும் பாலீர்ப்புக்கு, உரிய குறியீடு. 2022 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் அடுத்த பதிப்பான ஐசிடி-11-இல் அந்தப் பெயரே இல்லை. பாராஃபிலிக் கோளாறுகளில், அதாவது வழக்கத்துக்கு மாறான பாலீர்ப்பு சார்ந்த கோளாறுகளில், தனிமையிலோ சம்மதத்தோடோ நடப்பவற்றுக்கு 6டி36 என்ற ஒரே குறியீடுதான் உண்டு. அதற்கும் நிபந்தனைகள் கடுமை. நான் பழையதை விட்டுப் புதியதற்கு மாறிவிட்டேன்.

இரண்டும் ஒத்துப்போகும் இடங்களை வேகமாகக் கடந்துவிடலாம். சம்மதிக்காதவர்களையும் குழந்தைகளையும் உள்ளடக்கிய கோளாறுகள் இரண்டிலும் உள்ளன. நெரிசலில் அந்நியர்மீது உரசுவது முன்பு எஃப்65.8 என்ற 'பிற' கூடைக்குள் கிடந்தது. இப்போது 6டி34 என்று தனி இடம் பெற்றிருக்கிறது. குழந்தை பாதிக்கப்பட்டிருப்பது தெரியவந்தால் எந்தக் குறியீடு எழுதினாலும் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி தகவல் கொடுத்தே ஆக வேண்டும். சம்மதமற்ற வன்முறை சார்ந்த 6டி33-ஐ நான் ஒருமுறைகூட எழுதியதில்லை. நீதிமன்றத்துக்காக மதிப்பீடு செய்பவர்கள் சொல்வதுதான் அங்கே எடுபடும்.

என்னை மாற்றியது வேறொன்று: வேதனை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி.

ஐசிடி-10-இன் ஆய்வு வரையறையில் மூன்று படிகள். வழக்கத்துக்கு மாறான தூண்டுதல் திரும்பத் திரும்ப வர வேண்டும்; அதன்படி நடக்க வேண்டும் அல்லது அதனால் மிகவும் வருந்த வேண்டும்; ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். அந்த 'அல்லது'வில்தான் பிடிபட்டார் என் நோயாளி. வீட்டில், தனியாக, யாருக்கும் தீங்கின்றி நடந்தது. ஆனாலும் 'நடந்தது' என்பதே போதுமானதாகிவிட்டது. நியாயமாகச் சொன்னால், அதே ஐசிடி-10-இன் மருத்துவ விளக்கம் வெறும் கற்பனையைக் கோளாறு என்று எழுதக் கூடாது என்று எச்சரிக்கிறது. ஆலோசனைக்கு மட்டும் வந்தவருக்கு இசட்70.1 என்ற குறியீட்டையும் தருகிறது. நிதானமான மருத்துவருக்கு வழி இருந்தது. ஆனால் வருந்துகிறவர் ஏன் வருந்துகிறார் என்று அது கேட்கவில்லை. நூறு பேர் காத்திருக்கும் புறநோயாளிப் பிரிவில், கேட்கச் சொல்லாத கேள்வியை யாரும் கேட்பதில்லை.

6டி36 அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடாது. அந்த ஈர்ப்பின் தன்மையாலேயே அவர் கடுமையாக வேதனைப்பட வேண்டும். பிறர் ஒதுக்கியதோ ஒதுக்குவார்கள் என்ற பயமோ மட்டும் அந்த வேதனைக்குக் காரணமாக இருக்கக் கூடாது. இல்லாவிட்டால், செயலில் கடுங்காயமோ மரணமோ நேரும் ஆபத்து இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றாவது இல்லாமல் அந்த எண்ணை எழுத முடியாது.

அவரிடம் கேட்டேன்: "இது யாருக்கும் எப்போதும் தெரியவராது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இது உங்களை வருத்துமா?"

நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லை, டாக்டர். அவளுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாளோ என்றுதான்."

நான் எழுதியது இது: 'பதின்வயது முதல் காலணி சார்ந்த பாலீர்ப்பு. தனிமையில் மட்டும். பிறருக்குத் தீங்கு இல்லை, காய ஆபத்து இல்லை. வேதனை, வருங்கால மனைவி நிராகரிப்பாரோ என்ற பயத்தால் மட்டும். பாராஃபிலிக் கோளாறுக்கான வரையறை பொருந்தவில்லை. திருமணத்துக்கு முந்தைய ஆலோசனை.' ஐந்து வரிதான். ஆனால் அடுத்த மருத்துவருக்கு என் முடிவு மட்டுமல்ல, அதற்கான காரணமும் கிடைக்கும். பழைய கோப்பில் எண் இருந்தது, காரணம் இல்லை. மறுத்து எழுதக்கூட எதுவும் இல்லை.

இதே கேள்விக்கு இன்னொருவர், "யாருமே இல்லாத தீவில் இருந்தாலும் இது என்னை அரிக்கும்" என்றார். அவருக்கு 6டி36 எழுதினேன், தயக்கமில்லாமல். சிகிச்சை தேவைப்பட்டவர் அவர்.

இந்த மாற்றம் உலக சுகாதார நிறுவனம் இருக்கும் ஜெனீவாவில் திடீரென்று முளைத்ததல்ல. டென்மார்க் 1995-இலேயே, வலி தருவதிலும் பெறுவதிலும் பாலின்பம் காணும் சேடோமசோகிசத்தைத் தன் தேசியப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஸ்வீடன் 2009-இலும் நார்வே 2010-இலும் ஃபெடிஷிசம் உள்ளிட்டவற்றை நீக்கின. நம் நாட்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-உம், ஊரின் ஒழுக்க மதிப்புகளுக்கு ஒருவர் ஒத்துவரவில்லை என்பதை வைத்து மனநோய் என்று முடிவு செய்யக் கூடாது என்கிறது. அந்த விதிக்கு 6டி36-இன் நிபந்தனை எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடான டிஎஸ்எம்-5 பற்றியும் கேட்பார்கள். பாராஃபிலியா (ஈர்ப்பு மட்டும்) வேறு, பாராஃபிலிக் கோளாறு வேறு என்று 2013-இலேயே பிரித்துக் காட்டியது அது. அந்த நன்றி உண்டு. சிறை போன்ற கட்டுப்பாடான சூழலில் இருப்பவரா, ஐந்து ஆண்டுகளாக அறிகுறியின்றி இருப்பவரா என்று குறிக்கவும் அதில் வழி இருக்கிறது. தொடர் சிகிச்சையில் இருப்பவரின் குறிப்புக்கு அது நல்ல உதவி. ஆனால் ஃபெடிஷிசக் கோளாறு அங்கே இன்னும் தனிப்பெயரோடு நிற்கிறது. நம் சட்டம் பெயர் சொல்லிச் சுட்டுவதும் ஐசிடியைத்தான்.

ஐசிடி-11-இல் எனக்குள்ள குறை, ஆறு மாதம் என்ற திட்டமான கால அளவை எடுத்துவிட்டது. 'நீடித்த, தீவிரமான' என்பது மருத்துவரின் கணிப்புக்கு விடப்பட்டிருக்கிறது. பயிற்சியில் இருப்பவர்கள் இதில் தடுமாறுவதைப் பார்க்கிறேன். அதனால் எத்தனை மாதம் என்பதை இப்போதும் எழுதச் சொல்கிறேன்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல்: நான் பணிபுரியும் இடத்தின் மென்பொருளில் இன்னும் ஐசிடி-10 எண்களே ஏறும். அவருக்காக அந்தக் கட்டத்தில் இசட்70.1 போட்டுவிட்டு, ஐந்து வரிக் குறிப்பை அப்படியே கீழே தட்டச்சு செய்தேன். தன் மருத்துவப் பதிவைப் பெறும் உரிமை அவருக்கு உண்டு. நகல் கேட்டார், கொடுத்தேன். வாசலில் நின்று ஒருமுறை படித்துவிட்டு, பழைய கோப்பின் அந்தப் பக்கத்துக்கு மேலேயே அதைச் செருகிக்கொண்டு போனார்.