பெரிய வெள்ளி மும்மணி ஆராதனை: போய் உட்கார வேண்டிய இடம்

இந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு மாமியார் ஊர்ச் சபையில் மும்மணி ஆராதனைக்குப் போனோம். பகல் 12 மணி முதல் 3 மணி வரை. தேசமெங்கும் அந்தகாரம் உண்டாயிற்று என்று மாற்கு சொல்லும் நேரமும் அதுதான். பெரு நாட்டின் லீமா நகரம் 1687இல் பூகம்பத்தில் இடிந்த பிறகு, அங்கிருந்த இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் குரு ஒருவர் தொடங்கிய வழக்கம் இது. இன்று திருநெல்வேலிச் சீமையில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரங்களுக்கும், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளுக்கும், சொந்தமாகிவிட்டது.

சிலுவையில் ஆண்டவர் பேசிய ஏழு வார்த்தைகளையும் பல இடங்களில் பிரசங்கிகளுக்கு ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுப்பார்கள். இங்கே ஏழையும் ஓய்வுபெற்ற ஐயர் (போதகர்) ஒருவரே பேசினார். அதுதான் இந்த ஆராதனையின் பலம். சொந்தக் கதை கிடையாது, தான் செய்த ஊழியத்தின் பெருமை கிடையாது, கைதட்டச் சொல்லவில்லை. வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் இருக்கிற இயேசுவைப் பார்க்க வைத்தார்.

இரண்டாம் வார்த்தையைச் சொல்லியே ஆக வேண்டும். “இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்.” லூக்காவை வாசித்துவிட்டு ஐயர் மத்தேயு 27:44க்குத் திருப்பச் சொன்னார். அங்கே இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட இரண்டு கள்ளரும் அவரை நிந்தித்தார்கள் என்று இருக்கிறது. அப்படியானால் பரதீசுக்குப் போனவனும் சற்று முன்புவரை திட்டிக்கொண்டிருந்தவன்தான். இடையில் அவன் கேட்டது என்ன? “பிதாவே, இவர்களுக்கு மன்னியும்” என்ற ஜெபம். ஐயர் அதற்குமேல் விளக்கவில்லை. “அவன் கை ஆணியில், கால் ஆணியில். கொடுக்க ஒன்றுமில்லை, கேட்க வாய் மட்டும் இருந்தது. கேட்டான்” என்று சொல்லி அமர்ந்துவிட்டார். பாடல் தொடங்கச் சிறிது நேரம் ஆனது. யாரும் அசையவில்லை.

எதிர்வீட்டு அக்காவும் எங்களோடு வந்திருந்தார். கோயிலுக்குப் போகிற குடும்பம், சர்ச்சுக்குள் வந்தது இதுதான் முதல் தடவை. என் காதருகே, “ஒரு நல்லதும் செய்யலியே அவன், அவனுக்கு எப்படிக் கெடச்சுது?” என்று கேட்டார். பிரசங்கம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. சபைப் பழக்கமே இல்லாதவருக்கு இந்தக் கேள்வி எழும்படி பேசுவதுதான் சுவிசேஷப் பிரசங்கம்.

“தாகமாயிருக்கிறேன்” என்ற ஐந்தாம் வார்த்தையும் அப்படித்தான். முதலில் வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தைக் கொடுத்தபோது வாங்காத இயேசு, கடைசியில் காடியை, அதாவது புளித்த ரசத்தை, வாங்கினார். அதை நீட்டியது ஈசோப்பு என்ற செடியின் தண்டில். எகிப்திலிருந்து விடுதலையான இரவில் இஸ்ரவேலர் பலியிட்ட பஸ்கா ஆட்டின் இரத்தத்தை வாசல் நிலைகளில் தெளித்ததும் ஈசோப்புக் கொழுந்தால்தான் என்று யாத்திராகமம் 12ஐ எடுத்துக் காட்டினார். யோவான் 19ஐ எத்தனையோ வருஷமாக வாசிக்கிறேன், இந்தத் தண்டு என் கண்ணில் பட்டதில்லை.

மூன்றாம் வார்த்தை மட்டும் சறுக்கியது. “அதோ, உன் தாய்” என்பதிலிருந்து வயதான பெற்றோரைக் கவனிப்பது, வெளிநாட்டுப் பிள்ளைகள் என்று பேச்சு போய்விட்டது. தேவையான புத்திமதிதான். ஆனால் அந்தக் கால்மணி நேரம் நாங்கள் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், சிலுவையில் இருந்தவரை அல்ல. “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்” என்ற நான்காம் வார்த்தையில், அதே வரியில் தொடங்கும் சங்கீதம் 22க்குப் போனதும் திரும்பக் கூட்டி வந்துவிட்டார்.

மற்ற விஷயங்கள்: பின்வரிசைகளில் ஸ்பீக்கர் இரைச்சல் அதிகம், வார்த்தை தெளிவாக விழாது. பதினொன்றரைக்கே போய் நடுவில், மின்விசிறிக்குக் கீழ் உட்காருங்கள். வெயில் கடுமை, தண்ணீர் பாட்டில் கட்டாயம். எழுந்து போக வேண்டியிருந்தால் பாடல் நேரத்தில் போங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம் தாங்காது. எங்கள் இளையவனை ஐந்தாம் வார்த்தைக்குப் பிறகு வீட்டுக்காரர் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார். முடிந்ததும் கஞ்சியும் தேங்காய்த் துவையலும் உண்டு, எல்லாருக்கும்.

வேதாகமத்தைக் கையில் கொண்டு போங்கள், போனில் வேண்டாம். ஐயர் மத்தேயுவுக்கும் யாத்திராகமத்துக்கும் வேகமாகத் திருப்பச் சொல்கிறார். பக்கத்தில் புதியவர் இருந்தால் நாம்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.